கோழிக்கூடும் குள்ளநரியும்

பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியில், கடலுக்கும் கழுவெளி ஏரிக்கும் இடையே விளங்குவது மரக்காணம். சிறுபாணாற்றுப்படை குறிக்கும் எயிற்பட்டினம் இப்பகுதியதே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. இவ்வூரைப் பற்றி எழுதப் புகுவோர் உப்பளத்தையோ, கழுவெளிக்கு வரும் புள்ளினங்களையோ கூறுதல் வழக்கம். யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் அவ்விரண்டினும் சிறிது; அஃதாவது, ஏழையின் புறக்கடையில் வளரும் கோழியும் ஆட்டுக்குட்டியும் இரவில் பறிபோகாமல் காப்பது எங்ஙனம் என்பதே.

கோழி போவதும் ஒரு செய்தியோ என்று நகைப்பார் உளராயின், அன்னார் உப்பளத் தொழிலாளர் வீட்டுக் கணக்கை அறியாதவராவர். ஆண்டின் தொடக்கத்தில் பாத்தி கட்டி உப்பு வாரத் தொடங்குவோர், வடகிழக்குப் பருவமழை பெய்து அளங்கள் நீரில் மூழ்கியதும் கூலியற்று நிற்கின்றனர். அம்மழைக் காலத்துக்கென 2022 முதல் தமிழக அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கத் தொடங்கியது. ஆயினும் மூன்று மாதச் செலவுக்கு அது போதுமோ? பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு ஒரு சேவலும், மருத்துவச் செலவுக்கு ஓர் ஆடும் விலைப்படுகின்றன. வங்கியிற் பணமில்லாத இல்லத்தரசிக்குக் கோழியே கைம்முதல். அடைகாத்த பெட்டையும் குஞ்சுகளும் ஓரிரவில் அழிந்தனவெனின், அவளது சேமிப்பு முழுதும் அழிந்தது என்றே கொள்ளல் வேண்டும்.

பகைவர் யாவர்? உப்பளக் கரைகளிற் செறிந்த சீமைக்கருவேலம் புதர்கள் குள்ளநரிக்கும், கீரிக்கும், காட்டுப்பூனைக்கும் மறைவிடம் தருகின்றன. மரநாய் பனையினின்று இறங்கிக் கூரை வழியே புகும். உடும்பும் சாரைப்பாம்பும் முட்டையையும் குஞ்சையும் விழுங்கும். பகலிற் பருந்தும் காகமும் குஞ்சுகளைத் தூக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாகத் தெருநாய்க் கூட்டம் உளது. கருவாடு காயும் இடங்களிலும், மீன்கழிவு கொட்டும் இடங்களிலும் வயிறு வளர்த்த நாய்கள், இரவில் ஆட்டுக்கொட்டிலைத் தேடி வருகின்றன. காங்கேயம், வெள்ளகோவில் பகுதிகளில் நாய்கள் ஆடுகளைக் கடித்துக் கொன்றமையால் உழவர்கள் 2024, 2025 ஆம் ஆண்டுகளில் இழப்பீடு கேட்டுப் போராடியதை நாம் அறிவோம்.

கொன்றது எது என்பதைத் தடயம் கூறும். கோழி முழுதாய்க் காணாமற்போய்ச் சில இறகுகளே சிதறிக் கிடப்பின், பெரும்பாலும் நரி அல்லது காட்டுப்பூனையின் செயலாகும். கழுத்திலும் தலையிலும் கடிபட்டுக் கோழிகள் கூட்டினுள்ளேயே கிடப்பின் கீரியையோ மரநாயையோ ஐயுறலாம். பல ஆடுகள் குதறப்பட்டு, ஊன் தின்னப்படாமற் கிடப்பின் அது நாயின் வேலையென்றே பெரும்பாலும் கொள்ளலாம். இவ்வாராய்ச்சி செய்யாமல், எல்லாப் பழியையும் நரியின் தலையிற் சுமத்துவது நம்மவர் வழக்கமாய்விட்டது.

பழி சுமத்தியபின் நிகழ்வது யாது? இறைச்சித் துண்டில் நஞ்சு வைக்கப்படுகிறது. அன்றேல் கண்ணி கட்டப்படுகிறது. சிலவிடங்களில் வெடிமருந்தும் பொதியப்படுகிறது. 2021 ஜனவரியில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இறைச்சியில் வெடி வைத்து ஒரு நரியைக் கொன்றதற்காகப் பன்னிருவர் கைது செய்யப்பட்டனர். நரியும், கீரியும், உடும்பும் 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. அவற்றைக் கொல்லுதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, நஞ்சு ஆள் அறியாது. வைத்தவன் வீட்டு நாயும், பிணத்தைத் தின்ற பருந்தும், கைதவறித் தீண்டிய குழந்தையும் அதற்கு ஒன்றே. ஒரு நரி மாண்டால் அவ்விடத்தை மற்றொரு நரியோ, அதனினும் துணிந்த நாய்க்கூட்டமோ கைக்கொள்ளும். எலியையும், நண்டையும், செத்த விலங்கையும் தின்று ஊர்ப்புறத்தைத் துப்புரவு செய்த உயிரை இழந்ததே மிச்சமாகும்.

அயலுலகமும் இதற்குச் சான்று பகரும். கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிப்பதற்கென 1872 இல் நம் நாட்டுக் கீரிகளை ஜமைக்காத் தீவுக்குக் கொண்டு சென்றனர். அவை எலியோடு நில்லாமல், கோழிகளையும் தரையிற் கூடு கட்டும் பறவைகளையும் தின்று பெருகின. ஓருயிரைப் புகுத்துவதாயினும் ஒழிப்பதாயினும் விளைவு நம் கணக்கிற்கு அடங்குவதில்லை என்பது அதனாற் பெறப்படும்.

ஆகவே காவல் செய்யவேண்டிய இடம் காடன்று, கூடேயாம். நம் மூதாட்டியர் குஞ்சுகளைப் பஞ்சாரத்தின் கீழ்க் கவிழ்த்து வைத்தது வீண்வழக்கமன்று. பகற்பருந்துக்கு அதனினும் எளிய காப்பு வேறில்லை. ஆனால் அதன்மேற் கல் வைத்தாலும் இரவில் நாய்க்கும் நரிக்கும் அது நில்லாது. இரவுக் கூட்டுக்குச் செங்கற் சுவரோ தடித்த பலகையோ வேண்டும். காற்றுத் துளைகளுக்கு அரை அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுடைய பற்றுவைத்த கம்பிவலை வேண்டும். கடையில் விற்கும் மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றிக் கீரியை வெளியே நிறுத்தாது. தோண்டிப் புகாவண்ணம் வலையை ஓரடி மண்ணில் இறக்கி வெளிப்புறமாக மடித்தல் நன்று. உப்புக்காற்றில் இரும்பு விரைவில் துருவேறுமாதலால், மழைக்கு முன்னும் பின்னும் வலையைச் சோதித்தல் இக்கரையோர்க்கு இன்றியமையாதது. ஆட்டுக்கொட்டிலுக்குப் பனைமட்டைப் படல் துருவேறாது. ஆனால் அடியில் இடைவெளியின்றிக் கல் அடுக்கல் வேண்டும்.

பொழுது சாயுமுன் கதவடைத்தலும், நன்கு விடிந்தபின் திறத்தலும் செலவற்ற காவல். ஈண்டு ஓர் இடர்ப்பாடு உண்டு. உப்பளத்துக்குச் செல்வோர் வெயிலுக்கு அஞ்சி இருள் பிரியுமுன் புறப்படுவர். போகும்போதே கூட்டைத் திறந்துவிட்டால், பகைவிலங்கு திரியும் வேளையிற் கோழி வெளிவரும். வீட்டிலுள்ள முதியோரோ அண்டை வீட்டாரோ விடிந்தபின் திறந்துவிடும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். வீட்டையடுத்த புதரை வெட்டுதலும், மீன்கழிவைப் புதைத்தலும் இதனோடு சேர்ந்தவை.

இவையெல்லாம் பணமுடையார்க்கன்றோ என்று வினவலாம். அவ்வினா நேர்மையானதே. கழுவெளி 2021 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஏறத்தாழ 5,150 ஹெக்டேர் பரப்பு உலகத்தின் மதிப்பைப் பெற்றது. அப்பெருமை நம் அனைவர்க்கும் உரியது. காட்டுயிர் அருகில் வாழ்வதால் வரும் இழப்போ, கூரைவீட்டுப் பெண்ணொருத்தியின் தலையில் மட்டும் விழுகிறது. புகழைப் பொதுவாக்கி இழப்பைத் தனியாக்குதல் அறமாகாது. 2005 ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் ஆட்டுக்கொட்டிலும் கோழிக்கூடும் கட்ட இடமளிக்கப்பட்டிருந்தது. அத்தகைய உதவி இக்கடற்கரைக் குடும்பங்களுக்குத் தவறாது கிட்டவேண்டும். கோழிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் இழப்பீடு அலைச்சலின்றிக் கிடைக்கவேண்டும். தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் ஊராட்சிகளின் முதற்கடனாகவேண்டும். ஆடும் கோழியும் கொடுத்தல் பாதி உதவி. அவற்றை அடைக்க உறுதியான கூடு கொடுத்தலே மறு பாதி.

மாணவ நண்பர்களே, நுங்களிற் பலர் விடுமுறையில் ஊர் செல்லும்போது இத்தகைய புறக்கடைகளைக் காண்பீர்கள். விலங்கியல் பயில்வோர் தடயம் பார்த்துக் கொன்ற விலங்கை இன்னதென்று கூறுங்கள். பொருளியல் பயில்வோர் ஒரு தெருவில் ஓராண்டில் போன கோழிகளைக் கணக்கெடுத்து ஊராட்சிக்கு எழுதுங்கள். கைவன்மை உடையோர் ஒரு கூட்டின் கதவைச் செப்பனிட்டுத் தாருங்கள். நரிக்கு வைத்த நஞ்சால் ஊர் காக்கப்பட்டதில்லை. நன்றாய் அடைத்த ஒரு கதவோ, கோழியையும் காக்கும், நரியையும் காக்கும்.