வென்றவர் பெயர் ரகசியமா?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) திருத்தமும் நடைமுறைக்கு வந்துவிட்டது. பொது நடவடிக்கையோடு தொடர்புண்டா, அந்தரங்கத்தில் அத்துமீறலா என்று பார்த்த பழைய அளவுகோல்கள் போயின. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கலாகாது என்ற வாசகமும் போயிற்று. ‘தனிப்பட்ட தகவல்’ என்று எழுதினாலே மனுவைத் தள்ளலாம் என்ற எண்ணம் அலுவலகங்களில் வேரூன்றும் முன், பல்கலைக்கழக வளாகங்களையும் விளையாட்டு மரபுகளையும் ஆவணப்படுத்தும் தன்னார்வலர்களான நாம் நம் நிலையைச் சொல்லியாக வேண்டும்.

கட்டடங்களைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1) எஸ், டி உட்பிரிவுகள் கட்டடத்தையும் பொதுமக்கள் சென்றுவரும் இடத்தில் நிலையாக நிற்கும் சிலையையும் படமெடுக்க இடம் தருகின்றன. புதிய விதிகள் அதைத் தொடவில்லை. நம் கைவசமுள்ள பட்டியல்களுக்கும் வழி உண்டு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17(2)(பி) ஆவணக் காப்பு நோக்கத்துக்கு விலக்குத் தருகிறது. தனி ஒருவரைப் பற்றி முடிவெடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது, விதிகளின் இரண்டாம் அட்டவணையை மீறக் கூடாது, அவ்வளவுதான். வீராங்கனையின் கைப்பேசி எண், வீட்டு முகவரி, பிறந்த தேதி ஆகிய பத்திகள் உங்கள் பதிவேட்டில் இருந்தால் இன்றே நீக்குங்கள். அவை நமக்கு என்றுமே தேவைப்பட்டதில்லை.

பெயர் அப்படியல்ல. புதுக்கோட்டை மாவட்டத்தின் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் அறந்தாங்கிக்கும் புதுக்கோட்டைக்கும் பேருந்தேறிப் படித்தவர்கள். கபடியிலும் ஓட்டத்திலும் கல்லூரிக்காக, பல்கலைக்கழகத்துக்காக ஆடிய பலருக்கு இன்று மிஞ்சியிருப்பது உடற்கல்வித் துறைச் சுவரிலுள்ள வெற்றியாளர் பலகையில் ஒரு வரி, ஆண்டு மலரில் ஒரு குரூப் போட்டோ. பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982-இல் பிறந்தது. அதற்கு முன் புதுக்கோட்டை மாமன்னர் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. ஆகவே ஒரே கல்லூரியின் மைதான வரலாறு இரண்டு பல்கலைக்கழகங்களின் கோப்புகளில் பிளந்து கிடக்கிறது. அறந்தாங்கியிலோ பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி அரசுக் கல்லூரியானது. நிர்வாகம் கைமாறும்போது கணக்கும் தளவாடமும் ஒப்படைக்கப்படும், கோப்பைகளின் கதையை யார் ஒப்படைப்பது? மணமேல்குடியை இன்றும் குலச்சிறை நாயனாரின் ஊர் என்று நாம் சொல்வது, சேக்கிழார் பாடி வைத்ததால். எங்கள் ஓட்டக்காரிகளுக்கு அந்தப் பலகையை விட்டால் வேறு ஏடு இல்லை.

அந்தரங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த மாவட்டத்தைவிட அதன் மதிப்பை அறிந்தவர் யார்? கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அதன்பின் அவரது உடற்பரிசோதனை விவரம் ஊர் உலகமெல்லாம் பேசப்பட்டது, பதக்கமும் பறிக்கப்பட்டது. காக்க வேண்டியது அந்த மருத்துவ அறிக்கை, அதைக் காக்கவில்லை. மாணவியாக அவர் ஓடிய ஓட்டங்களின் முடிவுகள், நேரங்கள் பொது வரலாறு. தடகள சாம்பியன்களின் பட்டியலைக் கேட்ட என் மனுவுக்கு ஒரு நிறுவனம் தந்த பதில், ‘மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல்’. ஆயிரம் பேர் கைதட்ட மேடையில் படித்த பெயர் எப்படி அந்தரங்கமாகும்?

கல்லூரிகளைத் தரப்படுத்தும் நாக் மதிப்பீட்டில், மாணவர் வென்ற விருதுகளுக்கான 5.3.1-க்கு மதிப்பெண் வேண்டும் என்றால் இதே நிர்வாகங்கள் மாணவர்களின் சான்றிதழ்களையே ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகின்றன. சேர்க்கைக் காலத்தில் சாலையோர ஃப்ளெக்ஸில் முகத்தோடு பெயர் போடுகின்றன. தன்னார்வலர் கேட்டால் மட்டும் தனியுரிமை ஞாபகம் வருகிறது. பதிவேடுகளை அட்டவணையிட்டு வைக்கச் சொல்லும் 4(1)(ஏ) 2005-ஆம் ஆண்டிலிருந்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அதை நிறைவேற்றாமல் ஆண்டு மலர்களைக் கழிவுத் தாளோடு எடைக்குப் போட்டவர்களும், வெள்ளையடிக்கும்போது பலகையைக் கழற்றி மீண்டும் மாட்டாதவர்களும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. உயர்கல்வித் துறை அவர்களைக் கேட்டதுமில்லை. இப்போது அந்த அலட்சியத்துக்குச் சட்டத்தின் பெயரால் ஒரு மூடி கிடைத்திருக்கிறது. இது அநியாயம்.

ஆனால் மூடி முழுதாக மூடவில்லை. அதே சட்டத்தின் பிரிவு 8(3) அப்படியே இருக்கிறது. இருபது ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவலை மறுக்க அது விட்டுவைத்திருப்பது (ஏ), (சி), (ஐ) உட்பிரிவுகளை மட்டுமே. (ஜே) அதில் இல்லை. ஆகவே இருபது ஆண்டுக்கு முந்தைய எந்த விளையாட்டு விழாவின் முடிவுக்கும் ‘தனிப்பட்ட தகவல்’ என்ற பதில் செல்லாது. அதற்குப் பிந்தையவற்றுக்குப் பொதுநலனைக் காட்டி 8(2)-ஐ எழுதுங்கள். மெடல் பட்டியலில் என்ன பொதுநலன் என்று கேட்டால், அரசுப் பணத்தில் நடந்த போட்டி என்று சொல்லுங்கள்.

மனுவில் ‘விளையாட்டு வரலாறு’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எந்த ஆண்டு, எந்தப் பந்தயம், எந்தப் பதிவேடு என்று குறிப்பிட்டு, பதிவேட்டை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டுங்கள், 8(3)-ஐ மனுவிலேயே எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதற்கிடையே, சுவரில் இன்னும் தொங்கும் பலகைகளை அடுத்த வெள்ளையடிப்புக்கு முன் படமெடுத்து விடுங்கள்.