விடுதி வாசலில் ஒரு கடமை

ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் பிறந்த ஊர். குருவிடம் கற்ற மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி நின்று, ஊராருக்கெல்லாம் உரக்கச் சொன்னவர் அவர் என்பார்கள்.

இன்று அந்த ஊரைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகி இருக்கின்றன. சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று எங்கு பார்த்தாலும் ஆலைகள்தான்.

காலையிலும் மாலையிலும் பஸ் பஸ்ஸாகப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். இருபது வயதை ஒட்டியவர்கள் ஏராளம். நாற்று நட்டும் களை எடுத்தும் பிழைத்த வீட்டுப் பெண்கள் பலர். வெளி மாநிலங்களில் இருந்து வந்தவர்களும் உண்டு. இவர்கள் அனுப்பும் பணத்தில் ஊரிலே தம்பி படிக்கிறான்; தாயின் கடன் அடைகிறது.

வதந்தி செய்த வேலை

2021 டிசம்பரில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. சுங்குவார்சத்திரம் அருகே செல்போன் தயாரிக்கும் பாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண்கள், பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் தங்கி இருந்தார்கள். அங்கு சாப்பிட்ட உணவினால் 250-க்கு மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

தோழிகள் சிலர் இறந்து விட்டார்கள் என்று வதந்தி பரவியது. உண்மையில் யாரும் இறக்கவில்லை. ஆனால் அதை அவர்கள் நம்பும்படி எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. டிசம்பர் 17-ந் தேதி இரவு, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தார்கள்.

சாப்பாடு கெட்டது ஒரு குற்றம். உண்மை போய்ச் சேராதது இன்னொரு குற்றம்.

அதன் பிறகு நல்லதும் நடந்தது. 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் பெரிய விடுதியைத் தமிழக அரசு திறந்தது. செலவு ரூ.706 கோடிக்கு மேல். கட்டிடம் வந்து விட்டது. துணை வர வேண்டாமா?

மாணவர்கள் என்ன செய்யலாம்?

அந்தத் துணையாக மாணவ-மாணவிகள் வர முடியும். அந்த வட்டாரத்தில் கல்லூரிகளுக்குக் குறைவு இல்லை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல், காந்தியடிகள் நூற்றாண்டில் தொடங்கியது. அதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. படிப்பு கெட்டு விடாது.

விடுமுறை நாளில், உரிய அனுமதியுடன், மாணவிகள் விடுதிக்குப் போகலாம். சம்பளச் சீட்டைப் படித்துக் காட்டலாம். பிராவிடண்ட் பண்டு எண் 12 இலக்கம் கொண்டது; வேலை மாறினாலும் அந்த எண் மாறாது என்று சொல்லலாம். நோய் வந்தால் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போக வழி காட்டலாம்.

2013-ம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்க ஒரு குழு இருக்க வேண்டும். புகாரை 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உதவிக்கு 181 என்ற போன் எண் உண்டு. இதைத் தெரிந்துகொண்ட பெண் பயந்து ஒடுங்க மாட்டாள். இந்தி தெரிந்த மாணவி, ஒடிசாவில் இருந்து வந்த தங்கைக்கு ஆஸ்பத்திரியில் பேச்சுத் துணையாகலாம்.

முன்னே நடந்தவர்கள்

இது புதுமை அல்ல. புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளி இயக்கத் தொண்டர்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள். கூலிப் பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். அமெரிக்காவில் வடக்கு கரோலினா மாநிலத்தில், பண்ணைத் தொழிலாளருக்கு உதவ 1992-ல் மாணவர் சங்கம் ஒன்று அமைந்தது. கோடை விடுமுறையில் மாணவர்கள் பண்ணைகளுக்குப் போய், வைத்திய வசதி பற்றியும் சட்ட உரிமை பற்றியும் சொல்கிறார்கள்.

ஒன்று நினைவிருக்கட்டும். சர்க்காரும் முதலாளியும் செய்ய வேண்டியதை மாணவர் செய்ய முடியாது. சங்கத்தின் வேலையையும் செய்ய முடியாது. அவர்கள் கடமை அவர்களுக்கே. செய்தியைக் கொண்டு சேர்ப்பதுதான் மாணவர் வேலை.

இது தயவும் அல்ல. மாணவியின் கையில் இருக்கும் செல்போனைப் பூட்டியது, அவள் வயதுள்ள இன்னொரு பெண்ணாக இருக்கலாம். அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும்.

தெரிந்ததைப் பூட்டி வைக்காதவர் பிறந்த மண் இது. அங்கே படிப்பவர்கள் கோபுரம் ஏற வேண்டாம். விடுதி வாசல் வரை போனால் போதும்.