கடலுக்குப் போனாலும் பரவாயில்லை என்ற விலையில் கெமரா வாங்குங்கள்



கொஞ்சம் நீளமான பதிவுதான். பிள்ளைக்குக் கெமரா வாங்கிக் கொடுக்க யோசிக்கும் வாப்பாமாரும் உம்மாமாரும், வெளிநாட்டிலிருந்து தம்பிக்கு அனுப்ப நினைக்கும் நானாமாரும் கடைசிவரை வாசியுங்கள்.

போன கச்சான் காலம். எங்கள் மாணவர்கள் சிலர் ஒரு பின்னேரம் துறைமுகப் பக்கம் பழைய இறங்குதுறை ஒன்றிலிருந்து கடலுக்குப் பாய்ந்து விளையாடியிருக்கிறார்கள். ஒருவன் கையில் சின்ன அக்ஷன் கெமரா. கட்டாரில் வேலை செய்யும் மச்சான் லீவில் கொண்டு வந்தது. பாய்ந்த வேகத்தில் அது கையை விட்டுப் போய்விட்டது. நம்முடைய துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றி இந்த ஊர் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவன் மூன்று தரம் சுழியோடித் தேடியிருக்கிறான். நான்காம் தரம் மேலே வரும்போது மூச்சு இல்லை. பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு காக்காதான் பிடித்துத் தோணியில் தூக்கிப் போட்டிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தப்பிவிட்டான்.

அடுத்த நாள் பாடசாலையில் விளையாட்டுக்குப் பொறுப்பான நாங்கள் அவனைக் கூப்பிட்டுக் கேட்டோம்: "ஏன் மன, திரும்பத் திரும்ப இறங்கின?"

"அது மச்சான்ட சாமான் சேர். அமானிதம்."

எங்களுக்குப் பதில் வரவில்லை. அமானிதத்தைப் பற்றிப் படிப்பித்தது நாங்கள்தான். உயிரும் அல்லாஹ் தந்த அமானிதம் என்பதை அதே அழுத்தத்தோடு சொல்லாமல் விட்டதும் நாங்கள்தான்.

அதிலிருந்து "எந்தக் கெமரா நல்லது சேர்?" என்று பிள்ளைகள் கேட்டால் நாங்கள் முதலில் ஒரு கேள்வி திருப்பிக் கேட்கிறோம்: "இது கடலில் விழுந்தால் 'போகட்டும்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வர உன்னால் முடியுமா?" முடியும் என்ற விலையில் இருப்பதுதான் உனக்கான முதல் கெமரா. உம்மாவின் நகையை அடகு வைத்து, வட்டிக்குத் தவணை போட்டு வாங்கியது விழுந்தால், எந்தப் பிள்ளையும் பின்னால் பாயத்தான் செய்வான்.

"விலை குறைந்தது கூடாதே" என்பார்கள். பெயர் தெரியாத பெட்டியில் வரும் மலிவுச் சாமானை நாங்கள் சொல்லவில்லை. நல்ல கம்பனியின் பழைய மாதிரியைச் சொல்கிறோம். கோப்ரோ ஹீரோ 7 பிளக் 2018இல் வந்தது. ஆட்டத்தைக் குறைக்கும் வசதி அதிலேயே நன்றாக இருக்கிறது. உறை இல்லாமலே 10 மீற்றர் வரை தண்ணீர் தாங்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். டிஜேஐ கம்பனியின் முதல் ஒஸ்மோ அக்ஷன் 2019இல் வந்தது. படிக்கிற பிள்ளைக்கு இவை தாராளம். ஆனால் பாவித்ததை வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். பட்டரி வீங்கியிருக்கிறதா? லென்ஸில் கீறல் உண்டா? அரைமணி நேரம் தொடர்ந்து பதிவு செய்தால் நின்றுவிடுகிறதா? பழையதை உறை போடாமல் கடலில் இறக்க வேண்டாம். கதவின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல ஏலாது.

மிச்சம் பிடித்த காசைப் பிடிமானத்துக்குச் செலவழியுங்கள். கோப்ரோவின் கதையே அங்கேதான் தொடங்குகிறது. 2002இல் நிக் வுட்மன் என்ற அமெரிக்கர் அலைச்சறுக்குவதற்காக அவுஸ்திரேலியா, இந்தோனேசியாப் பக்கம் போனார். அலையில் நிற்கும்போது தங்களைத் தாங்களே படம் எடுக்க, கெமராவைக் கையோடு கட்டும் ஒரு பட்டிதான் அவருடைய முதல் யோசனை. பட்டி வேலை செய்தாலும் அன்றைய கெமராக்கள் அலைக்குத் தாங்கவில்லை. அதனால்தான் கெமராவும் விற்கத் தொடங்கினார். 2004இல் வந்த முதல் 'ஹீரோ' பிலிம் சுருள் போடும் கெமரா. அந்தக் கம்பனிக்கே பட்டிக்குப் பிறகுதான் கெமரா. நம் பிள்ளைகளோ கெமராவை வாங்கிவிட்டுப் பட்டியை மறந்துவிடுகிறார்கள்.

இந்தக் கெமராக்கள் தனியே மிதக்காது. செம்மஞ்சள் நிற மிதவை ஒன்று கட்டாயம் போடுங்கள், தூரத்திலிருந்தும் தெரியும். மிதவை மட்டும் போதாது. கச்சான் தரையிலிருந்து கடல் பக்கம் அடிக்கிற காற்று, மிதக்கிற எதையும் வெளியே கொண்டு போகும். ஆகவே மணிக்கட்டில் பட்டியும் வேண்டும். கழுத்தில் கயிறு மட்டும் வேண்டவே வேண்டாம். பலகையிலோ வள்ளத்திலோ மாட்டிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து.

அடுத்தது, எங்கிருந்து எடுக்கப் போகிறாய் என்ற கேள்வி. அக்ஷன் கெமராவின் லென்ஸ் அகலமாகப் பார்க்கும். நெஞ்சில், ஹெல்மட்டில், அலைச்சறுக்குப் பலகையில் பூட்டி, விளையாடுகிறவனே எடுப்பதற்கு அது அருமை. அதே கெமராவை உதைபந்தாட்ட மைதானத்தின் ஓரத்தில் வைத்தால் பிள்ளைகள் எறும்பு மாதிரித்தான் தெரிவார்கள். மெச் எடுக்க வேண்டும் என்றால், லென்ஸாலேயே கிட்டே இழுக்கும் பழைய வீடியோ கெமராவும் ஒரு மூன்றுகால் தாங்கியும் போதும். அதுவும் இல்லையா? கையில் இருக்கும் போனைத் தாங்கியில் பூட்டி, கோல் கம்பத்துக்குப் பின்னால் வையுங்கள். எங்கள் அணியின் பிழைகளை நாங்கள் அப்படித்தான் கண்டுபிடித்தோம். ட்ரோன் ஆசையை இந்த ஊரில் விட்டுவிடுங்கள். கடற்படைத் தளம், கோட்டையில் இராணுவம், சீனக்குடாவில் விமானப்படை. அனுமதி இல்லாமல் பறக்கவிட்டால் வாப்பா பொலிஸுக்கு அலைய வேண்டி வரும்.

இரவு மெச் எடுக்கிறவர்களுக்கு ஒரு விசயம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கெமராவை 60இல் வைத்து எடுத்தால் மைதான லைட் விட்டுவிட்டு மினுங்குவது போல் படத்தில் விழலாம். நொடிக்கு 50 படம் என்று மாற்றிவிடுங்கள். அதை 25இல் ஓட்டினால் வேகம் பாதியாகும், கோல் விழும் நேரத்தை ஆறுதலாகப் பார்க்கலாம். 4கே ஆசையும் இப்போது வேண்டாம். நல்ல தரத்தில் எடுத்தால் ஒரு நிமிடத்துக்கே முக்கால் ஜிபி வரை போகும். 1080 போதும். மெமரி கார்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. வி30 என்று போட்ட கார்டை நம்பிக்கையான கடையில் வாங்குங்கள், போலி நிறைய உலாவுகிறது. கடலிலிருந்து வந்ததும் கெமராவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, காய்ந்த பிறகே கதவைத் திறவுங்கள். உப்பு உள்ளே போனால் கெமரா போய்விட்டது என்றே வையுங்கள்.

கடைசியாக, கெமராவை விடப் பெரிய அமானிதம் ஒன்று இருக்கிறது. அது படத்தில் விழுகிறவரின் முகம். அறுகம்பேயில் 2018இல் பெண்கள் தங்களுக்கென்று ஓர் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கினார்கள். நம் பிள்ளைகளும் நீந்தவும் ஓடவும் வர வேண்டும் என்றுதான் நாங்களும் ஆசைப்படுகிறோம். ஆனால் யாரோ ஒருவர் கேட்காமல் எடுத்துப் போட்ட ஒரு வீடியோ போதும், ஒரு வீட்டில் "இனி நீ போகாதே" என்ற சொல் விழுவதற்கு. கடலில் விழுந்த கெமராவையாவது சிலவேளை வலை தூக்கித் தரும். போனுக்குப் போன் போய்விட்ட வீடியோவை எந்த வலையாலும் இழுத்தெடுக்க முடியாது. எடுக்கும் முன் கேளுங்கள். போடும் முன் இன்னொரு தரம் கேளுங்கள்.

அந்த மாணவனின் மச்சானுக்கு நாங்களே போன் எடுத்து நடந்ததைச் சொன்னோம். அவர் கேட்டது ஒன்றுதான்: "பெடியன் சுகமா இருக்கானா சேர்? கெமராவ விடுங்க."

இந்த வார்த்தையை அந்தப் பிள்ளை கடலில் இறங்குவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். பெரியவர்களே, கெமராவைக் கையில் கொடுக்கும்போதே இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்: "விழுந்தால் விட்டுவிடு மகன். நீ வீட்டுக்கு வா."

நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.