பெயர்தான் தற்காலிகம்

டிசம்பர் மாதப் பென்ஷன் என் நண்பர் ஒருவருக்கு வரவில்லை. நவம்பர் மூன்றாம் வாரமே நேரில் போய் லைஃப் சர்டிபிகேட் கொடுத்து, ரசீதும் பத்திரமாக வைத்திருக்கிறார். போய்க் கேட்டால், "நீங்க கொடுக்கலைன்னு கம்ப்யூட்டர்ல காட்டுது சார்" என்கிறார்கள்.

கணினிப் பிரிவில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், கம்ப்யூட்டர் தானாகப் பொய் சொல்லாது. அங்கே வேலை பார்க்கும் தெரிந்த பையன் ஒருவனிடம் விசாரித்தேன். நவம்பர் 10-ம் தேதி யாரோ 'சான்று தராதவர்கள்' என்று தேடி, வந்த விடையைத் தனி டேபிளாக எழுதி வைத்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் பென்ஷனை நிறுத்தியது அந்தப் பழைய பட்டியலை வைத்து!

எஸ்க்யூஎல்-லில் ஒரு கேள்வியின் விடையை அப்படியே தற்காலிக டேபிளாக்குவது அருமையான வசதி. பெரிய பட்டியலை ஒரு தடவை வடிகட்டிக்கொண்டு நாலைந்து கணக்குப் போடலாம். நானே நூறு முறை செய்திருப்பேன். ஆனால் எஸ்க்யூஎல் சர்வரில் 'செலக்ட் இன்டூ' எழுதும்போது டேபிள் பெயருக்கு முன்னால் ஹாஷ் குறி (#) போட வேண்டும். போட்டால், இணைப்பைத் துண்டித்ததும் டேபிள் தானே அழிந்துவிடும். மறுநாள் வருகிறவர் புதிதாகத் தேடியே ஆகவேண்டும். குறியை விட்டால் அது நிரந்தர டேபிள். 'டெம்ப்1' என்று பெயர் வைத்தாலும் யாராவது 'டிராப்' செய்யும்வரை கிடக்கும். எடுத்த நிமிஷத்தோடு அதற்கு உலகம் நின்றுவிட்டது. மூல டேபிளில் என் நண்பரின் சான்று ஏறியது அதற்கு எப்படித் தெரியும்? மூலத்தின் பிரைமரி கீ, இண்டெக்ஸ்கூட அந்த நகலுக்கு வராது.

"ஒவ்வொரு தடவையும் மூலத்தில் தேடினால் நேரமாகுமே" என்பார்கள். ஆகட்டுமே! பத்து நிமிஷம் கூடுதலாக ஓடினால் மெஷினுக்குக் கால் வலிக்குமா? எழுபத்தாறு வயசுக்காரர் ஆட்டோ பிடித்து மூன்று முறை அலைந்தாரே, அந்த நேரத்தை யார் கணக்கில் எழுதுவது? அடிக்கடி வேண்டிய பட்டியல் என்றால் 'வியூ' போட்டு வையுங்கள். கேட்கும்போதெல்லாம் மூலத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லும். ஒருவரின் பணத்தை நிறுத்துமுன் பார்க்க வேண்டியது மூல டேபிளை, நகலை அல்ல.

ஜனவரிக் கடைசியில் நிலுவையோடு பணம் வந்துவிட்டது. அந்த டேபிளை அழித்தாயிற்றா என்று பையனிடம் கேட்டேன்.

"எதுக்கும் இருக்கட்டும்னு வெச்சிருக்காங்க அங்கிள்."