சொன்ன பிள்ளைக்கா தண்டனை?

காலை மணி எட்டரை. திருவண்ணாமலை பஸ் நிலையம். செங்கம், போளூர், வேட்டவலம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து பஸ்கள் வந்து நிற்கின்றன. புத்தகப் பையும் சாப்பாட்டு டப்பாவுமாகப் பிள்ளைகள் இறங்குகிறார்கள். பௌர்ணமி என்றால் கேட்கவே வேண்டாம். 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதை முழுக்க மனிதத் தலைகள். அந்த நெரிசலுக்கு நடுவேதான் பத்தாம் வகுப்புப் பெண்ணும் பள்ளிக்கூடம் போய்த் திரும்ப வேண்டும்.

இடிக்கிறவன் இடிக்கிறான். பின்னாலேயே வருகிறவன் வருகிறான். அந்தப் பெண் வாயைத் திறப்பதில்லை. ஏன்?

அவனுக்குப் பயந்து பாதி. வீட்டுக்குப் பயந்து மீதி!

"சொன்னா, நாளையில இருந்து ஸ்கூலுக்குப் போக வேணாம்னு சொல்லிடுவாங்க." இதுதான் அந்தப் பயம். அதற்கு மேலும் ஒன்று உண்டு. அவசரமாக ஒரு மாப்பிள்ளை பார்த்து, வயது நிரம்பும் முன்பே கல்யாணத்தை முடித்து விடுவார்களோ என்ற பயம். வம்பு செய்தவன் மறுநாளும் அதே பஸ்சில் ஜாலியாக வருவான். படிக்கிற பெண் அடுப்படியில் உட்கார வேண்டும். இது என்ன நியாயம்?

யார் மீது ஆத்திரம்?

பிள்ளைகள் மேல் நமக்கு அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. அக்கறை இருக்கிறது. அது தப்பான பக்கம் பாய்கிறது.

2018 மே மாதம் இதே மாவட்டத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. வெளியூரில் இருந்து பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. அந்த நேரம் பார்த்து, சென்னையில் இருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோவிலுக்காக போளூர் அருகே அத்திமூர் பக்கம் காரில் வந்தது. அதில் இருந்த 65 வயது மூதாட்டி, வழியில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். ஊர் திரண்டது. அடி, உதை. மூதாட்டி செத்தே போனார். கூட வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். போலீசார் பலரைக் கைது செய்தார்கள். போன உயிர் திரும்பி வந்ததா?

முன்பின் தெரியாத ஆளைப் பார்த்தால் ஊரே கம்பு எடுக்கிறது. ஆனால் தெரிந்த ஆளிடம்?

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. போக்சோ சட்டத்தின் கீழ் பதிவாகும் பலாத்கார வழக்குகளில், 100-க்கு 90-க்கும் மேல் குற்றவாளி அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த ஆள்! சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், குடும்ப நண்பன், பழகிய ஆள். இவன் சாக்லேட் கொடுத்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆண் பிள்ளைகளும் தப்பவில்லை. 2007-ல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஆய்வு நடத்தியது. பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்களில் பாதிக்கும் மேல் பையன்கள்! "ஆம்பளப் புள்ளைக்கு என்ன பயம்" என்று பேசுகிற தகப்பன்மார்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சட்டம் யார் பக்கம்?

"போலீசுக்குப் போனா மானம் போயிடும்." வீடுகளில் இதுதான் பேச்சு. 2012-ல் வந்த போக்சோ சட்டம் இதை யோசித்தே எழுதப்பட்டிருக்கிறது.

பிள்ளையை ஸ்டேஷனுக்கு அலைய விட வேண்டியதில்லை. வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்கலாம். வாங்க வருகிற போலீசார் யூனிபார்மில் வரக்கூடாது. கூடுமானவரை பெண் சப்-இன்ஸ்பெக்டரே வர வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பேரையோ, படத்தையோ, படிக்கும் பள்ளியையோ பத்திரிகைகள் போடக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. தெரிந்தும் புகார் செய்யாமல் மூடி மறைப்பது குற்றம். 6 மாதம் வரை ஜெயில். தன் கீழ் வேலை செய்கிறவனின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஒரு வருஷம் வரை ஜெயில். "பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டுடும்" என்று சமாதானம் பேசுகிறவர்கள் இதைத் தெரிந்து கொள்வது நல்லது.

கடைக்காரர் செய்ய முடிந்தது

எல்லாவற்றையும் போலீஸ் தலையில் கட்டி விட முடியாது. தேரடி வீதியில் கடை வைத்திருப்பவர் தினமும் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கிறார். எவன் எந்த நேரத்தில் வந்து நிற்கிறான் என்பது அவருக்குத் தெரியும். "இப்படி வந்து உட்காரும்மா" என்று ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டால் போதும். பின்னால் வந்தவன் நழுவி விடுவான்.

பஸ்சில் வம்பு செய்கிறவனை இறக்கி விடவும், போலீசில் ஒப்படைக்கவும் கண்டக்டருக்கு அதிகாரம் உண்டு. 2022-ல் தமிழக அரசு விதியையே திருத்தி விட்டது. பயணிகள் நாலு பேர் "இறக்கி விடுங்க சார்" என்று குரல் கொடுத்தால்தான் கண்டக்டருக்கும் தைரியம் வரும்.

2024-ல் மாநகராட்சி ஆகிவிட்ட ஊர் இது. டியூஷன் முடிந்து பிள்ளைகள் திரும்பும் தெருக்களில் விளக்கு எரிகிறதா என்று அதிகாரிகள் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு நடை நடந்து பார்க்கட்டும். பள்ளியில் புகார்ப் பெட்டி வைத்தால் மட்டும் போதாது. அதன் சாவி யார் கையில் என்பதும் முக்கியம். புகாருக்கு ஆளானவரே பெட்டியைத் திறந்தால், எந்தப் பிள்ளை சீட்டு எழுதிப் போடும்?

பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டிய நம்பர் இரண்டு. குழந்தைகள் உதவிக்கு 1098. பள்ளிக் கல்வித் துறையின் உதவிக்கு 14417. செல்போனில் படத்தை வைத்து எவனாவது மிரட்டினால் பணம் கொடுக்காதே, சொன்ன இடத்துக்குப் போகாதே, வந்த மெசேஜை அழிக்காதே. அதுதான் சாட்சி. உடனே பெரியவர்களிடம் சொல்.

ஆனால் பெரியவர்கள் கேட்க வேண்டுமே! பிள்ளை தயங்கித் தயங்கி வாயைத் திறக்கும்போது, "நீ ஏன் அந்தப் பக்கம் போனே?" என்பது முதல் கேள்வியாக இருந்தால், அது மறுபடி வாயைத் திறக்காது. "நீ சொன்னது நல்லது. படிப்பு நிக்காது. நாங்க பார்த்துக்கிறோம்." இந்த மூன்று வார்த்தை போதும்.

இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், பிள்ளை எதையும் சொல்லும் முன்பே, ஒவ்வொரு தாய் தகப்பனும் இதைச் சொல்லி வைப்பார்களா?