கோபத்தைக் காகிதத்தில் இறக்குவோம்!

வயிற்றுப் பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாம். மும்பையின் தோல் பட்டறையானாலும் பெங்களூரின் தையல் ஆலையானாலும் நம் கதை ஒன்றுதான். விடிந்தால் வேலை, அடைந்தால் களைப்பு. புரிந்தும் புரியாத மொழியில் வசவு. மாதக் கடைசியில் கூலியில் பிடித்தம். அத்தனையையும் விழுங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். ஆனால் விழுங்கியது செரிப்பதில்லை. சிலருக்குத் தூக்கம் போகிறது. சிலரைச் சாராயக் கடை இழுக்கிறது. பலர் வீட்டில் அது மனைவி மேலும் பிள்ளைகள் மேலும் இறங்குகிறது. மேஸ்திரி திட்டியதற்கு மனைவி ஏன் அடி வாங்க வேண்டும்?

இன்னும் சிலர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் கை ஓங்கிவிடுகிறார்கள். அந்த நொடியிலேயே நியாயம் கைமாறிவிடுகிறது. கூலியைப் பிடித்தவனை விட்டுவிட்டு, கை ஓங்கியவனைத்தான் விசாரிப்பார்கள்.

அடங்கிப் போகச் சொல்லி இதை எழுதவில்லை. அடங்கிப் போவது வேறு; ஆத்திரத்தை ஆள்வது வேறு.

1982 ஜனவரி 18 அன்று பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலியும் போனசும் மட்டுமா காரணம்? 1946ஆம் ஆண்டுச் சட்டம் அங்கீகாரம் பெற்ற ஒரே சங்கத்துக்குத்தான் பேசும் உரிமை தந்தது. அந்தச் சங்கத்தின் மீது தொழிலாளருக்கு நம்பிக்கை இல்லை. கேட்கக் காது இல்லாத இடத்தில் குறை வெடிக்கத்தான் செய்யும். அந்தப் போராட்டம் முறைப்படி முடியவே இல்லை. பல்லாயிரம் குடும்பங்கள் பிழைப்பை இழந்தன.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் நமக்குக் கசப்பானவை உண்டு. 14 நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் கூடாது. பாதிப்பேர் சேர்ந்து விடுப்பு எடுத்தாலே அது வேலைநிறுத்தம். இவற்றை எதிர்த்துக் குரல் கொடுப்போம். ஆனால் அதே சட்டம் தரும் வழியையும் விட்டுவிடக் கூடாது. 20 பேருக்கு மேல், ஏன், 20 பேரே இருந்தாலும் அங்கே குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். அதில் சரிபாதி நம் ஆட்கள். குறை எழுந்த ஓராண்டுக்குள் மனுக் கொடுக்கலாம். 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். முடிவு ஏற்கவில்லையென்றால் 60 நாளுக்குள் சங்கத்தின் மூலம் சமரச அதிகாரியிடம் போகலாம்.

நம்மில் பலர் பத்துப் பேர் பட்டறையில் இருக்கிறோமே என்பீர்கள். உண்மைதான், அங்கே குழு இராது. ஆனாலும் ஒரே ஒரு தொழிலாளியை நீக்கினாலும் அது தொழில் தகராறுதான்; லேபர் ஆபீசில் முறையிடலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் ஆலைத் தொழிலாளருக்கும் இலவச சட்ட உதவி உண்டு.

செய்ய வேண்டியவை சிலவே. சூடு தணிந்த பிறகு பேசுங்கள். தனியாகப் போகாமல் இருவராகப் போங்கள். நடந்ததைத் தேதியோடு, பார்த்தவர் பெயரோடு அன்றிரவே நோட்டில் எழுதுங்கள். மனுவின் நகலில் பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். படிக்கத் தெரியாத மொழியில் உள்ள தாளிலும் வெற்றுத்தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். எழுத வராதவர்களுக்கு எழுதிக் கொடுப்பது படித்த நம் பிள்ளைகளின் கடமை.

பக்கத்து மெஷினில் நிற்கும் பீகார்க்காரரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவரும் நம்மைப்போல் ஊரை விட்டு வந்தவர்தான். நாம் இருவரும் மோதிக்கொண்டால் காண்டிராக்டருக்குத்தான் லாபம்.

மனம் மிகவும் நொந்து போனால் மறைக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். காய்ச்சலுக்கு மருந்து கேட்க நாம் வெட்கப்படுவதில்லை, இதற்கும் வேண்டாம்.

தோழர்களே, தாய்மார்களே! நம் கோபம் நியாயமானது. அதைச் சாராயத்தில் கரைக்க வேண்டாம், வீட்டில் கொட்ட வேண்டாம். காகிதத்தில் எழுதுவோம், சங்கமாய்ச் சேர்ந்து கொண்டுபோய்க் கொடுப்போம்.