ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் என்ன?

நவம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஊருக்குப் புறப்படும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். நான்கு வாரம் திருச்சியிலும் மதுரையிலும் கழியும். விமானச் சீட்டுக்கே கையிருப்பு கரைந்திருக்கும். அப்போதுதான் அந்த யோசனை தலைகாட்டும்: “வீடு சும்மாதானே கிடக்கிறது, வாடகைக்கு விட்டால் என்ன?”

தேக்கா, ரேஸ்கோர்ஸ் சாலைப் பக்கம் வீடு என்றால் ஆசை இன்னும் கூடும். ‘முஸ்தஃபாவுக்கு நடந்தே போகலாம்’ என்று ஒரு வரி போட்டால் சுற்றுப்பயணிகள் வந்துவிடுவார்கள். லண்டனில் இருக்கும் உறவினரும் ஏற்றிவிடுவார்: “நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.”

அவர் சொல்வதில் தவறில்லை. லண்டனில் ஆண்டுக்கு 90 நாள்வரை வீட்டைக் குறுகியகால வாடகைக்கு விடலாம். ஜப்பானில் பதிவு செய்துகொண்டால் 180 நாள்வரை விடலாம். இங்கே நிலைமை வேறு.

வீவக வீட்டைச் சுற்றுப்பயணிகளுக்கு வாடகைக்கு விடவே கூடாது. யாருக்கு விட்டாலும் குறைந்தது 6 மாதத்துக்கு விடவேண்டும். கழகத்தின் அனுமதியும் வேண்டும். நிரந்தரவாசிகள் முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது. தனியார் வீடுகளுக்குக் குறைந்தபட்சம் 3 மாதம். 2017 ஜூன் வரை அதுவும் 6 மாதமாகத்தான் இருந்தது.

“ஓர் அறையைப் பூட்டி எங்கள் சாமான்களை வைத்துவிட்டு, மற்ற அறைகளை மட்டும் விடுகிறோம்” என்பார்கள் சிலர். உரிமையாளர் குடியிராத வீட்டில் அந்தக் கணக்கு செல்லாது. விதியை மீறினால் வீட்டையே கழகம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாத வாடகைக்காக ஆயுள் சேமிப்பைப் பணயம் வைப்பதா?

தனியார் வீட்டுக்காரர்களும் தப்ப முடியாது. ஒரு கூட்டுரிமைக் குடியிருப்பில் நான்கு வீடுகளைக் குறுகியகால வாடகைக்கு விட்ட இருவருக்கு, 2018 ஏப்ரலில் நீதிமன்றம் தலா $60,000 அபராதம் விதித்தது. அதே மாதம் நகர மறுசீரமைப்பு ஆணையம் ஒரு திட்டத்தை மக்கள் கருத்துக்கு வைத்தது. 80 விழுக்காட்டு உரிமைப் பங்குள்ளவர்கள் சம்மதித்தால், அந்தத் தனியார் குடியிருப்பில் ஆண்டுக்கு 90 நாள்வரை அனுமதிக்கலாம் என்பதே அது. 2019 மே மாதம் அதுவும் கைவிடப்பட்டது.

அந்த 80 விழுக்காட்டில்தான் விஷயம் இருக்கிறது. வீடு நம்முடையது, ஆனால் நடைவழியும் மின்தூக்கியும் எல்லாருக்கும் பொது. வாரம் ஒரு புதுமுகம் பெட்டியை உருட்டிக்கொண்டு நள்ளிரவில் வந்தால், தூக்கம் கெடுவது எதிர்வீட்டுப் பாட்டிக்கு. நாம் ஊரில் இருக்கும்போது நம் கதவை ஒரு கண் பார்த்துக்கொள்பவரும் அதே பாட்டிதான். வாடகை நமக்கு, தொல்லை அவருக்கு என்பது என்ன நியாயம்?

கூடுதல் வருமானம் வேண்டுமென்றால் நேர்வழி இருக்கிறது. மூவறை அல்லது அதைவிடப் பெரிய வீவக வீட்டில் நீங்களும் குடியிருந்துகொண்டு, அனுமதி பெற்று, ஓர் அறையை 6 மாதத்துக்குக் குறையாமல் வாடகைக்கு விடலாம். ஊரிலிருந்து வரும் சித்தப்பாவை, நீங்கள் வீட்டிலிருக்கும்போது காசு வாங்காமல் சில நாள் தங்கவைப்பது விருந்தோம்பல். அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பூட்டிவிட்டுப் போகும்போது செய்யவேண்டியவை வேறு. எரிவாயுவை அடையுங்கள். வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். கழிவறைத் தொட்டியையும் தரையிலுள்ள வடிகால் துளைகளையும் மூடுங்கள். ஆளில்லாத வீடு கொசுவுக்கு வாடகையில்லா விடுதி. நம்பிக்கையான ஒருவரிடம் சாவியையும் உங்கள் ஊர்த் தொலைபேசி எண்ணையும் கொடுங்கள். திரும்பி வரும்போது எதிர்வீட்டுக்கு மணப்பாறை முறுக்கு ஒரு பொட்டலம் வாங்கி வர மறக்காதீர்கள்.